கைபட்ட வைத்தியங்கள் – 9: முதுகை அமுக்கினால் காது கேட்குமா?

சென்ற வாரம் கிர்க்ஸ்வில் ஊரில் ஆஸ்டியோபதி பள்ளி தொடங்கிய ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில்லைப் பார்த்தோம். எலும்பு இடம்பெயர்ந்தால் ரத்த ஓட்டம் தடைப்படும், நோய்களுக்கு மூலம் அதுதான் என்பது அவர் கட்சி. அதே எலும்பு, அதே கை. ஆனால் தடைப்படுவது ரத்தம் இல்லை, நரம்பு என்று சொல்லிக்கொண்டு இன்னொருவர் கிளம்பினார். பெயர் டேனியல் டேவிட் பாமர்.

1845-ல் கனடாவின் ஒண்டாரியோவில் பிறந்தவர். இருபது வயதில் பிழைப்புத் தேடி அமெரிக்கா வந்தார். பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தார், தேனீ வளர்த்தார், ராஸ்பெரி பயிரிட்டார், மளிகைக் கடை வைத்தார். எதுவும் நிலைக்கவில்லை. கடைசியில் ஐயோவா மாநிலத்தில், மிசிசிபி ஆற்றங்கரையில் உள்ள டேவன்போர்ட்டில் ‘காந்த வைத்தியர்’ என்று பலகை மாட்டினார். பேர்தான் காந்தம், கையில் இரும்புத் துண்டுகூடக் கிடையாது. தன் உடம்பிலுள்ள காந்தசக்தி கை வழியாக நோயாளிக்குள் இறங்குகிறது என்பார். வியாபாரம் நன்றாகவே நடந்தது.

அவருடைய வைத்தியசாலை இருந்த கட்டடத்தில் துப்புரவு வேலையை நடத்திவந்தவர் ஹார்வி லில்லார்ட் என்ற கறுப்பினத்தவர். பதினேழு வருஷமாகக் காது மந்தம். குனிந்து வேலை செய்யும்போது முதுகில் ஏதோ பிசகியது, அன்றிலிருந்து கேட்கவில்லை என்று அவர் சொன்னதாகப் பாமர் எழுதியிருக்கிறார். தடவிப் பார்த்தாராம், முதுகெலும்பில் ஒன்று துருத்திக்கொண்டிருந்ததாம். அழுத்தி உள்ளே தள்ளினாராம். காது கேட்டுவிட்டதாம். 1895 செப்டம்பர் 18 என்று அதற்குத் தேதியும் குறித்து, பாமர் தொடங்கிய இந்த முதுகெலும்பு வைத்தியமான கைரோபிராக்டிக்கின் பிறந்தநாளாக அத்தொழில்காரர்கள் இன்றும் கொண்டாடுகிறார்கள்.

லில்லார்டின் மகள் பிற்காலத்தில் சொன்ன கதை வேறு. அப்பா வராந்தாவில் நின்று நண்பரிடம் நகைச்சுவைத் துணுக்கு சொல்லிக்கொண்டிருந்தார். அதைக் கேட்டுச் சிரித்த பாமர், கையிலிருந்த கனத்த புத்தகத்தோடு அவர் முதுகில் ஓங்கித் தட்டினார். சில நாள் கழித்து, காது கொஞ்சம் தெளிவாகக் கேட்கிறது என்று அப்பா வந்து சொன்னார். எனக்கென்னவோ மகள் கதையில்தான் மனிதவாடை இருக்கிறது.

எந்தக் கதையை நம்பினாலும் ஒரு சிக்கல் தீராது. கேட்கும் நரம்பு உட்காதிலிருந்து புறப்பட்டு நேராக மூளைத்தண்டுக்குள் போகிறது. முதுகெலும்புப் பக்கம் அது வருவதே இல்லை. முதுகெலும்பின் இடுக்குகள் வழியே வெளிவருபவை வேறு 31 ஜோடி நரம்புகள். ஒரு தொழிலின் பிறப்புக் கதையே உடற்கூற்றியலோடு ஒத்துப்போகவில்லை.

பாமருக்கு அந்தக் கவலை இல்லை. நோய்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து, இடம் பிசகிய முதுகெலும்பு நரம்பை நெருக்குவதால் வருபவை என்று அறிவித்தார். 1897-ல் பள்ளியும் தொடங்கினார். 1906-ல் உரிமமில்லாமல் வைத்தியம் பார்த்ததாக வழக்கு வந்து, அபராதம் கட்ட மறுத்துச் சிறைக்குப் போனார். சில வாரம் கழித்து அபராதத்தைக் கட்டிவிட்டு வெளியே வந்தவருக்குப் பள்ளி கையைவிட்டுப் போயிற்று. எடுத்துக்கொண்டவர் மகன் பி. ஜே. பாமர். அப்பனைவிட நூறு மடங்கு சாமர்த்தியசாலி.

நரம்பு என்ற சொல் இந்தத் தொழிலோடு ஏன் இப்படி ஒட்டிக்கொண்டது என்பதற்கு என் பதில், ஒரு நீதிமன்றம். 1907-ல் விஸ்கான்சின் மாநிலத்தின் லா கிராஸ் நகரில் ஷெகடாரோ மொரிகுபோ என்ற ஜப்பானியக் குடியேறி கைதானார். பாமர் பள்ளியில் படித்தவர். உரிமமில்லாமல் ஆஸ்டியோபதி பார்த்தார் என்பது குற்றச்சாட்டு. அவருக்காக வாதாடியவர் டாம் மாரிஸ், பின்னாளில் அம்மாநிலத்தின் துணை ஆளுநரானவர். அவர் பிடித்த பிடி எளிமையானது: ஆஸ்டியோபதிக்காரர்களுக்கு ரத்தமே பிரதானம், எங்கள் கட்சிக்காரருக்கோ நரம்பே பிரதானம், இது வேறு சாஸ்திரம், ஆகவே அந்தச் சட்டம் இவர்மேல் பாயாது. ஜூரிகள் ஒப்புக்கொண்டு விடுதலை செய்தார்கள்.

அதன் பிறகு நாடெங்கும் இத்தகைய வழக்குகளில் இதுவே கேடயமாயிற்று. கைரோபிராக்டிக்காரர்கள் ஆயிரக்கணக்கில் கைதானார்கள். வழக்கு நடத்த பி. ஜே.யின் சங்கம் இருந்தது. நரம்புக் கொள்கையைக் கைவிட்டால் ஆஸ்டியோபதிச் சட்டத்துக்குள் விழவேண்டும். எந்த வைத்தியமும் தன் ஆரம்பகாலக் கருத்தை அனுபவத்தால் திருத்திக்கொள்ளும். இங்கே திருத்தினால் சிறை. ஆய்வுகூடத்தில் சோதிக்கப்படவேண்டிய ஒரு ஊகம் வக்கீலின் காகிதக் கட்டுக்குள் வேதவாக்காக உறைந்துபோனது இப்படித்தான்.

1913-ல் கேன்சஸ் முதலில் சட்ட அங்கீகாரம் தந்தது. 1922-ல் கலிபோர்னியா மக்கள் வாக்களித்தே தந்தார்கள். கடைசி மாநிலமான லூயிசியானா 1974-ல் இறங்கிவந்தது. இதற்கிடையே அமெரிக்க மருத்துவச் சங்கம் 1963-ல் போலி வைத்திய ஒழிப்புக் குழு ஒன்றை அமைத்து இவர்களை ஒதுக்கிவைத்தது. செஸ்டர் வில்க் என்பவரும் சகாக்களும் 1976-ல் வழக்குத் தொடுத்தார்கள். 1987-ல் நீதிபதி சூசன் கெட்ஸன்டானர், சங்கம் செய்தது சட்டவிரோதப் புறக்கணிப்பு என்று தீர்ப்பளித்தார். கைரோபிராக்டிக் சரியான வைத்தியமா இல்லையா என்று சொல்ல மட்டும் மறுத்துவிட்டார். விளம்பரங்களில் தீர்ப்பின் முதல் பாதிதான் வருகிறது!

சரி, முதுகெலும்பு நரம்பை நெருக்குவதே இல்லையா? நெருக்கும். 1934-ல் பாஸ்டனில் மிக்ஸ்டர், பார் என்ற இரு அறுவை மருத்துவர்கள் அதைக் காட்டினார்கள். எலும்புகளுக்கு நடுவிலுள்ள டிஸ்க் பிதுங்கி நரம்பு வேரை அழுத்தினால் இடுப்பிலிருந்து கால்வரை வலி இழுக்கும், மரத்துப்போகும், கால் பலம் குறையும். எந்த நரம்பு அழுந்துகிறதோ அதன் பாதையில் மட்டும். காது மந்தமோ நீரிழிவோ வராது. யேல் பல்கலைக்கழகத்தின் எட்மண்ட் கிரெலின், இறந்து சில மணி நேரமே ஆனவர்களின் முதுகெலும்புகளை இயந்திரத்தில் பூட்டி வளைத்துத் திருகி, 1973-ல் முடிவை வெளியிட்டார். முறியும் எல்லைவரை போனபோதும் எலும்பு நரம்பைத் தொடவில்லை. 2010-ல் பிரிட்டனின் கைரோபிராக்டிக் கவுன்சிலே, பாமர் சொன்ன எலும்புப் பிசகு நோய்க்குக் காரணம் என்பதற்கு மருத்துவ ஆய்வுச் சான்று இல்லை என்று எழுதிவிட்டது.

மிஞ்சுவது என்ன? சாதாரண இடுப்புவலிக்கு இந்தக் கைவேலை ஓரளவு ஆறுதல் தருகிறது. உடற்பயிற்சியும் பிசியோதெரபியும் தருகிற அளவுதான். அது பொய்யில்லை. கைரோபிராக்டிக் வீடியோக்களில் கேட்கும் ‘டொக்’ சத்தம் எலும்பு இடத்தில் உட்காரும் சத்தம் அல்ல; மூட்டுத் திரவத்துக்குள் வாயு விடுபடும் சத்தம். ஆனால் கழுத்தைச் சடக்கென்று திருகுவது வேறு விஷயம். அங்கே மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வந்த சம்பவங்கள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியுள்ளன. அபூர்வம்தான், ஆனாலும் யார் கேட்டாலும் கழுத்தைக் கொடுக்காதீர்கள். முதுகுவலியோடு கால் துவண்டாலோ, தொடையிடுக்கு மரத்தாலோ, சிறுநீர் கட்டுக்குள் நிற்காவிட்டாலோ அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

1924-ல் பி. ஜே. பாமர் முதுகின் சூட்டை அளந்து நரம்புக் கோளாறைக் கண்டுபிடிக்கும் என்று ஒரு கருவியைக் கொண்டுவந்தார். விற்கமாட்டேன், வாடகைக்குத்தான் தருவேன் என்றார். சொந்தப் பள்ளி ஆசிரியர்களே அவரைவிட்டு வெளியேறினார்கள். அந்தக் கூத்து அடுத்த வாரம்.