இலையா, மரமா?

பாலித்தீனுக்கு மாற்றாக, மக்கக்கூடிய பிளாஸ்டிக்கை மக்காச்சோள மாவுப்பொருளிலிருந்தும் கரும்புச் சர்க்கரையிலிருந்தும் ஆக்கும் முயற்சி இன்று பல நாடுகளில் நடைபெறுகின்றது. மூலப்பொருள் தாவரம் என்றவுடன், இனித் தீங்கொன்றுமில்லை என்று நாம் ஆறுதல் கொள்கின்றோம். அதற்குமுன், தாவரத்திலிருந்து கிடைத்த பழைய பிளாஸ்டிக் ஒன்றின் வரலாற்றை நினைவுகூர்தல் நன்று.

அதன் பெயர் கட்டாபர்ச்சா. மலேயா, சுமத்திரா, போர்னியோக் காடுகளில் வளரும் ஒருவகை மரத்தின் பால் அது. வெந்நீரிலிட்டால் இளகும், வேண்டிய உருவில் அமைத்து ஆறவிட்டால் இறுகும். மலாய் மக்கள் அதனால் வெட்டுக்கத்திகளுக்குக் கைப்பிடி செய்துவந்தனர். சிங்கப்பூரில் மருத்துவராயிருந்த வில்லியம் மாண்ட்கோமரி 1843 இல் அதன் மாதிரிகளை லண்டனுக்கு அனுப்பினார். அது மின்சாரத்தைக் கடத்தாது, கடல்நீரில் கெடாது என்பது விரைவில் புலப்பட்டது. 1851 இல் இங்கிலாந்தையும் பிரான்சையும் இணைத்த தந்திக் கம்பிக்கும், 1866 இல் அட்லாண்டிக் மாகடலைக் கடந்த கம்பிக்கும் அதுவே உறையாயிற்று. 1870 இல் பம்பாய்க்கும், 1871 இல் சென்னையிலிருந்து பினாங்குக்கும் கடலடித் தந்தி வந்தது. கடல் கடந்த செய்தி, வாரக்கணக்கில் கப்பலுக்குக் காத்திராமல் வந்துசேரலாயிற்று.

இந்நன்மைக்குரிய விலையைக் காடு கொடுத்தது. அம்மரத்தின் பால் விரைவில் உறைந்துவிடும். ஆதலால் ரப்பர் மரத்தைப்போல் நிற்கவைத்து வடிப்பது எளிதன்று. மரத்தை வெட்டிச் சாய்த்து, பட்டையில் வளையம் வளையமாகக் கீறிப் பாலெடுத்தனர். ஒரு மரம் தந்தது பெரும்பாலும் ஒரு கிலோவுக்கும் குறைவே. கம்பிகளோ ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நீளமுடையவை. சில ஆண்டுகளுக்குள் சிங்கப்பூர்த் தீவில் அம்மரம் அநேகமாக அற்றுப்போயிற்று. வெட்டுவோர் அக்கரைக் காடுகளுக்குள் மேலும் மேலும் நுழைந்தனர்.

1885 இல் ஜாவாவின் சிப்பெத்திரில் டச்சுக்காரர் இதற்கெனத் தோட்டம் அமைத்தனர். மரத்தை வீழ்த்தாது, இலைகளைப் பறித்து அரைத்து அதே பொருளை எடுக்கும் முறை அங்குக் கையாளப்பட்டது. ஆனால் காடுகள் அழிந்த பின்னரே அவ்வழி வந்தது. 1933 இல் இங்கிலாந்தில் பாலித்தீன் கண்டுபிடிக்கப்பட்டது; சில ஆண்டுகளில் கடற்கம்பியின் உறையாக அது கட்டாபர்ச்சாவின் இடத்தைப் பெற்றது. அந்தப் பாலித்தீனே இன்று தெருவோரங்களில் பறக்கும் பைகளாய் நம்மைத் துன்புறுத்துகின்றது.

2022 சூலை 1 முதல், ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்கள் சில நம் நாடெங்கும் தடைசெய்யப்பட்டன. மாற்றுத் தேடும் இவ்வேளையில், சிப்பெத்திரின் பாடம் நமக்குப் பயன்படும். மக்காச்சோளம் உணவுதானியம், கரும்பு நீரை மிகுதியாக வேண்டுவது. அவற்றையே பெருமளவில் நாடினால், உணவுக்கும் நீருக்கும் போட்டி விளையும். கரும்புச் சக்கையிலும் வைக்கோலிலும் உள்ள நார்ப்பொருளைச் சர்க்கரையாக்கி, அதிலிருந்தும் பிளாஸ்டிக் செய்யலாம். செலவும் உழைப்பும் மிகுதி என்பதே தடை. மேலும், இத்தகைய பிளாஸ்டிக்குகளுள் சில, ஏறத்தாழ 60 பாகை வெப்பமுள்ள உரக்கூடங்களில் மக்குமேயன்றி, குப்பைமேட்டில் எளிதில் மக்குவதில்லை.

எனவே, ‘தாவரத்திலிருந்து வந்ததா?’ என்னும் கேள்வியோடு நாம் நின்றுவிடலாகாது. எத்தாவரம், அதன் எப்பகுதி, எவருடைய நிலமும் நீரும் கொண்டு விளைந்தது என்றும் கேட்டல் வேண்டும். மரம் சாய்ந்த பின் இலையை நாடுவதைவிட, முதலிலேயே இலையை நாடுவது அறிவுடைமையாகும்.