பின்னணி இழையும் சாளரமும்

விண்டோஸ் இயங்குதளத்தில் ஒரு சாளரம், அதைச் சிருஷ்டித்த இழைக்கே, அதாவது நிரலாளர் த்ரெட் என்று வழங்கும் செயலோட்டத்துக்கே, உரியதாகும். விசைத் தட்டலும் சுட்டியின் சொடுக்கும், திரையை மறுபடி வரையவேண்டும் என்ற கட்டளையும் அவ்விழையின் செய்திவரிசையில் வந்து சேர, அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து உரிய சாளரத்துக்குச் சேர்ப்பிக்கும் சுழற்சியை அவ்விழை இடையறாது நடத்தும் வரையில்தான் சாளரம் இயங்கும். ஆகையால், பதிவிறக்கம் போன்ற நெடுங்காரியத்தை ஏற்ற பின்னணி இழையொன்று, முன்னேற்றத்தைக் காட்டும் சாளரத்தைத் தானே படைத்து, ஷோ என்னும் கட்டளையால் காட்டிவிட்டு வேலையில் மூழ்குமானால், சட்டகம் மாத்திரம் தோன்றி, உள்ளே வெறுமையாய், சொடுக்குக்கு அசையாமல் நிற்கும். 5 விநாடி செய்தி எதுவும் எடுக்கப்படாவிடில் இயங்குதளம் அதைப் பதிலளிக்காத சாளரமென்று கொள்ளும். இழை முடிந்ததும் சாளரமும் அழியும். புதிய நிரலாளர் ஷோவையே சந்தேகிப்பது வழக்கம், அதுவோ நிரபராதி.

பின்னணி இழை சாளரத்தைத் தொடாமல், காட்டுமாறு, செய்திச் சுழற்சியை நடத்தும் முதன்மை இழையிடம் விண்ணப்பிப்பதே க்ஷேமமான முறை. சாளர நூலகங்களுள், விண்டோஸ் ஃபார்ம்ஸில் இன்வோக்கும் பிகின்இன்வோக்கும், டபிள்யூபிஎஃப்பில் டிஸ்பாச்சரும், ஜாவா ஸ்விங்கில் இன்வோக்லேட்டரும் இதற்கென அமைந்தவை. இவற்றுள் இன்வோக், காரியம் முடியும்வரை காத்திருப்பது. முதன்மை இழையும் அதே சமயம் பின்னணி இழையின் முடிவுக்காகக் காத்து நின்றால், இரண்டும் ஸ்தம்பித்துப்போகும். விண்ணப்பத்தை வரிசையில் இட்டுவிட்டு உடனே திரும்பும் பிகின்இன்வோக்கே பெரும்பாலும் உசிதம். வேறு இழையிலிருந்து அழைக்கிறோமா என்று சொல்லும் இன்வோக்ரிக்வயர்டு, சாளரத்தை இயங்குதளம் அடையாளங்காணும் ஹேண்டில் இன்னும் உருவாகாத நிலையில் 'இல்லை' என்றே விடை தருமாதலின், அதை மட்டும் நம்புவோர் சாளரத்தைத் தவறான இழையிலேயே பிறப்பித்துவிடுவதுண்டு. 2005இல் வெளிவந்த டாட்நெட் 2.0 முதல், பிழைதிருத்தியின் கீழ் ஓடும் நிரல் வேறு இழை சாளரத்தைத் தொடும் அத்துமீறலைக் கண்டதும் விதிவிலக்கு எறிகிறது. இது பெரிய உபகாரம்.

எல்லா இழைகளும் சாளரங்களைத் தொடும்படி பூட்டுகள் அமைத்தால் என்ன என்ற வினாவுக்கு, ஜாவாவை வளர்த்தோருள் ஒருவரான கிரஹாம் ஹாமில்டன் 2004இல் எழுதிய கட்டுரை தக்க சமாதானம் கூறுகிறது: பயனரின் உள்ளீடு இயங்குதளத்திலிருந்து மேலேறி வருகிறது, நிரலின் கட்டளையோ மேலிருந்து கீழிறங்குகிறது; எதிரெதிர் வரிசையில் பூட்டுகளைப் பற்றும் இவ்விரண்டும் நடுவழியில் முட்டிக்கொள்வதைத் தவிர்ப்பது மிக அரிது.

சாளரத்துக்கென்றே தனி இழை வேண்டுமாயின், டபிள்யூபிஎஃப்பில் அதை எஸ்டிஏ எனும் ஒற்றையிழை வகையினதாக அமைத்து, சாளரத்தைக் காட்டியபின் டிஸ்பாச்சர்.ரன் சொல்லி அதற்கெனச் செய்திச் சுழற்சியைத் தொடங்கவேண்டும். நிரல் ஏறுங்கால் தோன்றும் முகப்புச் சாளரத்துக்கு அப்பால் இதற்கு அவசியம் நேர்வது குறைவு.