கார் ஸ்டீரியோவில் பாட்டு தெளிவா கேட்கலையா? ஈக்வலைசரில் இதை மாத்திப் பாருங்க!

காரில் பாட்டு நல்லா கேட்கணும்னு பலரும் முதலில் செய்வது, பேஸையும் ட்ரெபிளையும் ஃபுல்லா ஏத்துவதுதான். ஆனால் அப்போது சத்தம்தான் கூடும், தெளிவு போயிடும். ஏன்?

கம்பெனியில் இருந்தே வரும் ஸ்டீரியோவின் ஆம்ப்ளிஃபயருக்கு பொதுவாக பவர் குறைவு. பேஸை 3 டெசிபல் ஏத்தினாலே, அதற்கு 2 மடங்கு பவர் தேவை. 10 டெசிபல் என்றால் 10 மடங்கு! அதைக் கொடுக்க முடியாதபோது ஒலி கரகரக்கும். நாளடைவில் ஸ்பீக்கரே போயிடலாம்.

எப்படி செட் பண்ணுவது?

* காரை ஓரமாக நிறுத்திவிட்டு பேஸ், மிட், ட்ரெபிள் மூன்றையும் 0-வில் வையுங்கள். போனில் ஈக்வலைசர் ஆன்-ல இருந்தா ஆஃப் பண்ணிடுங்க.

* நல்லா தெரிந்த ஒரு பாட்டை, வழக்கமாக கேட்கும் வால்யூமில் போடுங்கள்.

* கதவு அதிர்ந்தாலோ, பாடகர் குரல் அமுங்கினாலோ பேஸை 1 அல்லது 2 புள்ளி குறையுங்கள்.

* 'ஸ்' சத்தம் காதைக் குத்தினால் ட்ரெபிளைக் குறையுங்கள்.

* அப்புறமும் குரல் தெளிவா இல்லைன்னா, மிட்-ஐ மட்டும் 1 புள்ளி ஏத்துங்க.

* ஒலி பின்னால் இருந்து வருவது போல இருந்தால், ஃபேடரை கொஞ்சம் முன்பக்கம் தள்ளுங்கள்.

வண்டி ஓடும்போது டயர் சத்தம் பேஸை அமுக்கிவிடும். அதற்காக பேஸை 1 புள்ளி கூட்டலாம். ஆனால் வண்டியை நிறுத்திவிட்டுத்தான் மாத்தணும். ஆம்புலன்ஸ் சைரனும் பின்னால் வரும் வண்டியின் ஹார்னும் கேட்கும் அளவுக்கு மட்டும் வால்யூம் இருக்கட்டும்.