வீட்டிலும் வழியிலும்



நம்முடைய குடும்பங்களில் சிலர் தங்கள் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே கற்பித்து வருகிறார்கள். வேதத்தை நன்றாகக் கற்றுக்கொடுக்கிறார்கள்; கணக்கும் மொழியும் குறைவின்றி நடக்கின்றன. ஆயினும் அவர்களில் பலர் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. அடுக்குமாடிக் குடியிருப்பின் இரண்டு அறைகளுக்குள் வளரும் பிள்ளைக்கு இது போதுமா? பிள்ளைகளைக் காட்டுக்கும் கடற்கரைக்கும் ஏரிக்கரைக்கும் அழைத்துச் செல்லலாம் என்று யாராவது சொன்னால், வேறு சிலர் தயங்குகிறார்கள். பறவையைப் பார்ப்பதாலும் செடியின் பெயரை அறிவதாலும் விசுவாச வாழ்வுக்கு என்ன பயன் என்கிறார்கள். இரண்டு கேள்விகளுக்கும் தமிழகத் திருச்சபையின் வரலாற்றில் விடை இருக்கிறது.

முதலில் வேதத்தைப் பாருங்கள். பிள்ளைகளுக்குக் கற்பிப்பதைக் குறித்து உபாகமம் 6:7இல் மோசே கட்டளையிடும்போது இரண்டு இடங்களைச் சொல்கிறார். ஒன்று, நாம் உட்கார்ந்திருக்கும் வீடு; மற்றொன்று, நாம் நடக்கும் வழி. வீட்டுக் கல்வியை விரும்பும் பெற்றோர் முதல் இடத்தை உறுதியாகப் பிடித்துக்கொண்டார்கள். இரண்டாவது இடத்தை நம்மில் அநேகர் மறந்துவிட்டோம்.

நம் முன்னோர் அதை மறக்கவில்லை. 1706இல் சீகன்பால்க் வந்திறங்கிய தரங்கம்பாடிக்கு, 1771இல் கிறிஸ்டோப் சாமுவேல் ஜான் என்ற ஜெர்மானிய ஊழியர் வந்தார். அவர் பிரசங்கியார், பள்ளிகளை நடத்தியவர், தம்முடைய இல்லத்திலேயே பிள்ளைகளைத் தங்கவைத்துக் கற்பித்தவர். அதே மனிதர் தரங்கம்பாடிக் கரையின் மீன்களைச் சேகரித்து, பெர்லினில் இருந்த மீனியல் அறிஞர் பிளாக் என்பவருக்கு அனுப்பினார். நாம் சந்தையில் வாங்கும் கத்தாளை மீன்களில் ஒரு வகைக்கு அறிவியல் உலகம் வைத்த பெயர் ஜானியஸ். நம் வயல்வெளிகளில் காணப்படும் மண்ணுளிப் பாம்பின் அறிவியல் பெயரிலும் இவர் பெயரே இருக்கிறது.

அவருக்குப் பின் 1776இல் வந்தவர் ராட்லர் ஐயர். சென்னை வேப்பேரியில் நெடுங்காலம் ஊழியம் செய்த அவரைத் தமிழ்-ஆங்கில அகராதி தொகுத்தவராகப் பலர் அறிவார்கள். அவர் தென்னிந்தியத் தாவரங்களைத் தேடிச் சேகரித்த தாவரவியலாளரும் ஆவார். அவர் உலர்த்திப் பாதுகாத்த செடிகள் கடல் கடந்து இங்கிலாந்து சென்று ஆராய்ச்சிக்குப் பயன்பட்டன. மீனுக்கும் செடிக்கும் இவர்கள் செலவிட்ட நேரம் சுவிசேஷத்துக்கு உரியதல்லவா என்று பிற்காலத்தில் குறை சொன்னவர்களும் உண்டு. இன்றைய நம் தயக்கம் புதியதல்ல. ஆனால் 1 இராஜாக்கள் 4:33ஐ வாசியுங்கள். சாலொமோனின் ஞானத்துக்கு வேதம் தரும் சான்றுகளில், மரங்களையும் மிருகங்களையும் பறவைகளையும் மீன்களையும் குறித்து அவர் பேசியதும் ஒன்று. சிருஷ்டியை வணங்குவது பாவம். அதைக் கவனித்துச் சிருஷ்டிகரைத் துதிப்பது ஆராதனை.

வீட்டில் கற்பிக்கும் பெற்றோர் பலர் இன்று எடுத்துப் பார்க்கும் பெயர் சார்லட் மேசன் (1842–1923). இங்கிலாந்தைச் சேர்ந்த இந்தக் கிறிஸ்தவக் கல்வியாளர் 1886இல் வீட்டுக் கல்வியைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். சிறு பிள்ளைகள் நாளின் பல மணி நேரத்தை வெளியில் கழிக்க வேண்டும் என்பது அவருடைய உறுதியான போதனை. பிள்ளை தான் கண்ட பூவையோ பூச்சியையோ ஒரு குறிப்பேட்டில் தானே வரைந்து, தேதியிட்டு எழுதிவைக்க வேண்டும். பெரியவர் விரிவுரை செய்யலாகாது. பிள்ளை பார்க்கட்டும், பார்த்ததைச் சொல்லட்டும். அவருடைய முறையைக் கையாளுகிறோம் என்று சொல்லும் பெற்றோர், புத்தகப் பட்டியலை மட்டும் எடுத்துக்கொண்டு வெளியே செல்லும் பகுதியை விட்டுவிட்டால், பாதியைத்தான் எடுத்துக்கொண்டவர்கள் ஆவார்கள்.

இது குளிர்ந்த தேசத்துக்கு மட்டும் ஏற்றதென்று எண்ண வேண்டாம். திருநெல்வேலிச் சீமையின் டோனாவூரில் ஏமி கார்மைக்கேல் அம்மையார் நூற்றுக்கணக்கான பிள்ளைகளைத் தம் பிள்ளைகளாக வளர்த்தார். அவர்களுக்கு வீடே பள்ளி. அந்த வளாகத்தின் தேவைகள் மிகுதி. பணமோ ஜெபத்தினால் நாள்தோறும் வந்தது. அப்படியிருந்தும் 1917இல் மேற்குத் தொடர்ச்சி மலைக்காட்டில் பிள்ளைகளுக்காக ஓர் இடம் வாங்கப்பட்டது. அங்கே ஒரு வீடு கட்டி, கோடையில் பிள்ளைகளை மலைக்கு அழைத்துச் சென்றார்கள். காட்டுச் சுனையில் பிள்ளைகள் நீந்தினார்கள். 1951இல் அம்மையார் மரித்தபோது, அவருடைய விருப்பப்படி கல்லறைக் கல் நாட்டப்படவில்லை. பறவைகள் நீர் அருந்த ஒரு தொட்டியை வைத்து, தாயைக் குறிக்கும் ஒரே ஒரு தமிழ்ச் சொல்லை அதில் பொறித்தார்கள். அந்தப் பிள்ளைகளிடம் அவர் வளர்த்த அன்பு பறவைகள்வரைக்கும் எட்டியிருந்தது.

இனி நம்முடைய தாம்பரத்துக்கு வருவோம். சபை வரலாற்றில் தாம்பரம் என்றால் 1938 டிசம்பரில் இங்கு கூடிய உலக மிஷனரி மாநாடுதான் நினைவுக்கு வரும். அந்த மாநாடு நடந்த சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி, நெருக்கடி மிகுந்த ஜார்ஜ் டவுனை விட்டு 1937இல்தான் சேலையூர்க் காட்டுப் பகுதிக்குக் குடிபெயர்ந்திருந்தது. அந்நாளில் அது பெரும்பாலும் முட்புதர்க் காடு. பேராசிரியர் எட்வர்ட் பார்ன்ஸ் அங்குள்ள செடிகளைத் தேடிப் பார்த்து ஆராய்ந்தார்; மரங்களை நட்டு வளர்த்தார். இன்று ஏறத்தாழ 365 ஏக்கர் வளாகத்தில் புள்ளிமான்கள் மேய்கின்றன. அவர் கற்பித்த பாடம் வேதியியல், தாவரவியல் அல்ல. பின்னாளில் அதே கல்லூரியில் பறவைகளைக் கூர்ந்து நோக்கியவரும், கோலங்களை ஆராய்ந்தவருமான கிப்ட் சிரோமணி (1932–1988) புள்ளியியல் பேராசிரியர்.

பெற்றோரே, இதைக் கவனியுங்கள். ஜான் பிரசங்கியார்; பார்ன்ஸ் வேதியியலார்; சிரோமணி கணிதம் கற்றவர். பட்டத்தினாலோ பதவியினாலோ அவர்கள் இயற்கையிடம் போகவில்லை. ஆகவே, எனக்குப் பறவைகளின் பெயர் தெரியாதே, நான் எப்படிக் கற்பிப்பேன் என்று அஞ்ச வேண்டாம். ஆதாமிடம் தேவன் ஜீவஜந்துக்களைக் கொண்டுவந்தபோது பெயர்ப் பட்டியலையும் சேர்த்துக் கொடுக்கவில்லை. பார்த்துப் பெயரிடும் பொறுப்பையே கொடுத்தார்.

இடமும் தொலைவில் இல்லை. மேடவாக்கத்துக்கு அருகில் நன்மங்கலம் காப்புக்காடு இருக்கிறது. அதன் கைவிடப்பட்ட கல்குவாரிப் பாறைகளில் கொம்பன் ஆந்தை வாழ்கிறது. பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் 2022இல் உலகளாவிய ராம்சர் பட்டியலில் சேர்க்கப்பட்டது. வண்டலூர் உயிரியல் பூங்கா 1985 முதல் இருக்கிறது. கடற்கரையில் ஆமை முட்டைகளைக் காக்கும் மாணவர் அமைப்பு ஒன்று 1988 முதல் இயங்கி, முட்டையிடும் காலத்தில் பொதுமக்களையும் இரவு நடைக்கு அழைத்துச் செல்கிறது. அனுமதி தேவைப்படும் இடங்களில் அனுமதி பெற்றுச் செல்லுங்கள். சிறு பிள்ளைகளுடன் பெரியவர் இருவராவது இருக்கட்டும்.

ஒரு குடும்பம் தனியே போவதைவிட நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து போவது நல்லது. வீட்டில் கற்கும் பிள்ளைக்கு ஏரி மட்டும் போதாது. ஏரியைக் காட்டிக் கூப்பிட ஒரு தோழனும் வேண்டும். சபையில் பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தாமதிக்கவும் வேண்டாம். பள்ளிக்கரணையின் பெரும்பகுதி நம் கண்முன்னே கட்டடங்களுக்கும் குப்பைக்கும் பலியாயிற்று. ஒரு நீர்ப்பறவையைப் பெயர் சொல்லி அறியாத தலைமுறை, அது வராமற்போனதையும் அறியாது. அறியாததற்காக யாரும் துக்கப்படுவதில்லை, அதைக் காப்பதுமில்லை. ஏதேனில் மனிதனுக்குக் கொடுக்கப்பட்ட முதல் வேலை தோட்டத்தைப் பண்படுத்திக் காப்பது என்பதை நம் பிள்ளைகள் மனப்பாடமாகச் சொல்லுவார்கள். அந்தத் தோட்டத்தின் ஒரு மூலையையாவது அவர்கள் காலால் நடந்து பார்த்திருக்க வேண்டாமா?

இந்த வாரத் தியானத்துக்கு மத்தேயு 6ஆம் அதிகாரத்தை வாசியுங்கள். ஆகாயத்துப் பறவைகளையும் காட்டுப் புஷ்பங்களையும் கவனிக்கச் சொன்னவர் நம் ஆண்டவர். சனிக்கிழமை காலை வெயில் ஏறுமுன் பிள்ளைகளுடன் புறப்படுங்கள். ஒரு நோட்டும் பென்சிலும் தண்ணீரும் போதும்.

கர்த்தர் உங்கள் வீட்டையும், நீங்கள் நடக்கும் வழியையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.