பாராமதிக்காரரும் நீலப் பெட்டியும்

லேசர் என்றால் நம் வயதுக்காரர்களுக்கு முதலில் கண் ஆஸ்பத்திரிதான் ஞாபகம் வரும். என் மாடி அறையில் இருப்பது வேறு ரகம். மூன்று மில்லிமீட்டர் பிளைவுட்டை வெட்டும். கொலுவுக்குத் தேர்ச் சக்கரம் எல்லாம் அதில்தான் வெட்டுகிறேன். சீனாவிலிருந்து வரும் நீலமும் வெள்ளையுமான மலிவுப் பெட்டி. 40 வாட் என்று சொல்லி விற்பதால் கே40 என்று பெயர். (உண்மையில் அவ்வளவு வராது.)

இதன் பூர்வீகத்தைத் தேடினால் நம் நாட்டுக்காரர் ஒருவர் நிற்கிறார். குமார் படேல், 1938-ல் மகாராஷ்டிராவின் பாராமதியில் பிறந்தவர். புனே பொறியியல் கல்லூரியில் படித்து, ஸ்டான்ஃபோர்டில் டாக்டர் பட்டம் வாங்கி, 1961-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். அதற்கு முந்தைய வருஷம்தான் தியோடர் மைமன் செயற்கை மாணிக்கக் கல்லிலிருந்து உலகின் முதல் லேசரை எடுத்திருந்தார். படேலோ நாம் மூச்சில் வெளியே விடும் கரியமில வாயுவைக் கையில் எடுத்தார். 1964-ல் அதன் லேசரைப் பற்றி எழுதினார். கூடவே நைட்ரஜனைச் சேர்த்தபோது பலம் பல மடங்கு ஏறியது. மின்சாரத்தை வாங்கிக்கொண்ட நைட்ரஜன், அந்தச் சக்தியைக் கரியமில வாயுவுக்குக் கைமாற்றியதுதான் காரணம். பிறகு ஹீலியமும் சேர்ந்தது. 1967-ல் இங்கிலாந்தில் பீட்டர் ஹௌல்ட்கிராஃப்ட் ஆக்சிஜனை ஊதிக்கொண்டே இந்தக் கதிரால் எஃகுத் தகட்டை வெட்டினார்.

வெகுகாலம் இது பெரிய தொழிற்சாலைகளின் சொத்து. சீனாவில் கண்ணாடிக் குழாய்களை மலிவாகச் செய்ய ஆரம்பித்த பிறகுதான் சிறு கடைகளுக்கு, முக்கியமாக ரப்பர் ஸ்டாம்ப் செய்கிறவர்களுக்கு, இந்தச் சின்னப் பெட்டி வந்தது. இதன் குழாயிலும் படேலின் அதே மூன்று வாயுக்கள்தான். குழாயைக் குளிரவைக்க ஒரு வாளித் தண்ணீரும் சின்னப் பம்பும் போதும். பம்பு நின்றால் குழாய் விரிசல் விட்டுவிடும்.

விலை எங்கே குறைந்தது என்பது பெட்டியைத் திறந்து பார்த்தபோதுதான் புரிந்தது. குழாய்க்குப் போவது பதினைந்தாயிரம் வோல்ட்டுக்கும் மேல். என் பெட்டியில் எர்த் கம்பியைப் பெயிண்ட் அடித்த தகட்டின் மேலேயே முறுக்கி வைத்திருந்தார்கள். பெயிண்டைத் தாண்டி மின்சாரம் எப்படிப் போகும்? மூடியைத் திறந்தால் கதிரை நிறுத்தும் சுவிட்சும் இல்லை. இதில் உயிர் போகும் ஐயா! எலக்ட்ரீஷியனை வரவழைத்து, பெயிண்டைச் சுரண்டி, எர்த் சரியாகக் கொடுத்து, மூடிக்குச் சுவிட்ச் வைத்த பிறகே முதல் பலகையை வெட்டினேன்.

கதிர் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணைப் பொசுக்கிவிடும். வேடிக்கை என்னவென்றால், நமக்குத் தெளிவாகத் தெரியும் அக்ரிலிக் ஜன்னல் இந்தக் கதிருக்குச் சுவர் மாதிரி. நாம் அதன் வழியாகப் பார்க்கலாம், அது வெளியே வர முடியாது.

போன மாதம் எதிர்வீட்டுப் பையன் பிவிசி ஷீட் ஒன்றைக் கொண்டுவந்து, "தாத்தா, இதில் என் பெயரை வெட்டிக் கொடுங்கள்" என்றான். பிவிசி எரிந்தால் ஹைட்ரோகுளோரிக் அமிலப் புகை வரும். அது நுரையீரலையும் அரிக்கும், இயந்திரத்தையும் அரிக்கும். முடியாது என்றேன். முகம் வாடிவிட்டது. ஒட்டுப்பலகைத் துண்டில் பெயரோடு ஒரு யானையையும் சேர்த்து வெட்டிக் கொடுத்தேன். யானைக்குத் தந்தம் வைக்கவில்லை என்று புகார் சொல்லிவிட்டுப் போனான்.