தீவின் புகை எங்கே போயிற்று?

மும்பை ஒரு தீவு என்பதை மாட்டுங்காவில் மூன்று தலைமுறையாக வாழும் தமிழர்களும் மறந்துவிட்டனர். தாராவி அத்தீவின் வட விளிம்பு. மித்தி ஆற்றுக்கு அப்பால் சால்செட் தீவு. செம்பூரோ பழைய டிராம்பே தீவின் வடமேற்கு மூலை. இடையிலிருந்த சதுப்புகள் தூர்க்கப்பட்டபின் எல்லாம் ஒரே நிலமாயிற்று. சிறு தீவுகள் போக்குவரத்துப் புகையை எவ்வாறு குறைப்பது என்று உலகம் இன்று ஆராய்கிறது. வனுவாட்டில் தேங்காயெண்ணெயை டீசலோடு கலந்து வண்டியோட்டிப் பார்த்திருக்கிறார்கள். பம்பாய்த் தீவின் அனுபவம் இவ்வாராய்ச்சிகளில் அரிதாகவே நினைக்கப்படுகிறது.

1874-இல் இங்கே குதிரை டிராம் ஓடியது. 1907-இல் மின்சார டிராம் வந்தது. தெருவில் புகை இல்லை. ஆனால் அந்த மின்சாரத்துக்காக வாடி பந்தர் நிலையத்தில் நீராவிக் கொதிகலன்கள் எரிந்தன. புகை அழியவில்லை, இடம் மாறியது. இந்நகரின் போக்குவரத்து வரலாறு முழுவதிலும் இதையே மீண்டும் மீண்டும் காண்கிறேன்.

1925 பிப்ரவரி 3 அன்று விக்டோரியா டெர்மினஸிலிருந்து குர்லாவுக்கு இந்தியாவின் முதல் மின்சார ரயில் புறப்பட்டது. ஒரு தீவிலிருந்து இன்னொரு தீவுக்குச் சென்ற பயணம் அது! நிலையத்துக்கு நிலையம் நின்று கிளம்பும் புறநகர்ப் பாதையில் நீராவி எஞ்சின் வேகமெடுக்கத் திணறும். மின்சார வண்டிக்கு அத்திணறல் இல்லை. தூய காற்று அதன் உபரிப் பயன் என்றே கொள்ளவேண்டும். 2007 முதல் மேற்கு ரயில்பாதையில் வந்த புதிய வண்டிகள் பிரேக் பிடிக்கும்போது மின்சாரத்தின் ஒரு பகுதியைக் கம்பிக்கே திருப்பித் தருகின்றன. சிக்கனம் என்றால் இதுதான்.

இவ்வளவு கற்ற நகரம் 1964 மார்ச் 31 அன்று தன் கடைசி டிராமை நிறுத்திவிட்டது. போரிபந்தரிலிருந்து தாதர் வரை சென்ற வண்டி அது. மாட்டுங்காக்காரர்கள் இன்றும் 'தாதர் டி.டி.' என்கிறார்கள், டிராம் டெர்மினஸ் என்பதன் சுருக்கம் அது என்பதை எத்தனை பேர் அறிவர்? 1962-இல் தொடங்கிய டிராலி பஸ்ஸும் 1971-இல் நின்றது. டீசலே எதிர்காலம் என நம்பிய அம்முடிவுகளை நான் பெரும்பிழைகள் என்றே கருதுகிறேன்.

அதற்குள் செம்பூரை ஒட்டிய மாகுல், டிராம்பே பகுதியில் 1954, 1955 ஆம் ஆண்டுகளில் இரண்டு எண்ணெய்ச் சுத்திகரிப்பாலைகளும், 1956-இல் அனல்மின் நிலையமும் எழுந்துவிட்டன. தீவின் வண்டிகளுக்கு எரிபொருளும் மின்சாரமும் தந்த இடம், அவற்றுக்கான புகையையும் ஏற்றது. செம்பூரை 'கேஸ் சேம்பர்' என்று மக்கள் வேடிக்கையாகச் சொன்னார்கள். 2009-இல் மத்திய மாசுக்கட்டுப்பாட்டு வாரியம் வெளியிட்ட மாசடைந்த தொழிற்பகுதிகளின் பட்டியலில் அப்பெயர் இடம்பெற்றபோது வேடிக்கை ஆவணமாயிற்று.

1999-இல் புகையால் பாதிக்கப்பட்ட குடியிருப்போர் அமைப்பொன்று உயர்நீதிமன்றத்தை நாடியது. அதன் விளைவாகவே பழைய டாக்சிகள் சி.என்.ஜி.க்கு மாறின. கரும்புகை வெகுவாகக் குறைந்தது, உண்மை. எனினும் அதுவும் பூமிக்கடியிலிருந்து எடுத்த எரிபொருளே.

உயிரி எரிபொருள் நமக்குப் புதிதன்று. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில், பெட்ரோல் பங்கீட்டின்போது, தமிழகத்தில் மரக்கரியை எரித்து எடுத்த வாயுவில் 'கரி பஸ்' ஓடியதைப் பாட்டனார்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். இப்போது பேச்சு, பலகாரம் சுட்டு மீந்த எண்ணெயைப் பற்றியது. அதை பயோடீசலாக்கும் திட்டத்தை உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இல் அறிவித்தது. நாளொன்றுக்கு 50 லிட்டருக்கு மேல் எண்ணெய் பயன்படுத்துவோர் கணக்கு வைக்கவேண்டும் என்பது விதி. மாட்டுங்காவின் பெரிய உணவகம் அவ்வரம்புக்குள் வரக்கூடும். தாராவிச் சந்துகளில் வீட்டடுப்பில் முறுக்கு சுட்டு விற்கும் நம்மவர் வரமாட்டார். எண்ணெய் டின்னைக் கூடக் கழுவித் தட்டி மறுபடி விற்பனைக்கு அனுப்பும் அதே தாராவியில், அவருடைய வாணலியில் மீந்த எண்ணெய் எந்தக் கணக்கேட்டிலும் ஏறுவதில்லை.