மதுரையில் ஒரு நாள்: வழிகாட்டி சொல்லாமல் விட்ட ஜூலை 8

போன கோடை விடுமுறையில் எங்கள் மாலை நேரப் படிப்பு மையத்து மாணவர்கள் 11 பேரை மதுரைக்குக் கூட்டிப் போனேன். எல்லோரும் திண்டுக்கல் டவுனையும் சுற்றியுள்ள காலனிகளையும் சேர்ந்தவர்கள். கொடைரோடு, வாடிப்பட்டி வழியாக வேனில் ஒன்றரை மணி நேரம்தான். மதுரைக்கு ஏற்கெனவே பலமுறை போனவர்கள்தான் அவர்கள். ஆனால் போனதெல்லாம் பெரியாஸ்பத்திரிக்கும் சித்திரைத் திருவிழாக் கூட்டத்துக்கும். ஊரைச் சுற்றிப் பார்ப்பதற்கென்று போனது அதுவே முதல் தடவை. அதனால் ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு, நாள் முழுவதும் கூடவே வர ஒரு வழிகாட்டியை ஏற்பாடு செய்துகொண்டோம்.

அவர் நல்ல மனிதர், தொழில் தெரிந்தவரும்கூட. ஆயிரங்கால் மண்டபத்தில் உண்மையில் 985 தூண்கள்தான் என்று சொல்லி எல்லோரையும் எண்ண வைத்தார். நான்கு வெளிக் கோபுரங்களில் தெற்குக் கோபுரம்தான் உயரம், 170 அடி என்றார். திருமலை நாயக்கர் மகால் 1636-ல் கட்டப்பட்டது, இன்று நிற்பது அதில் நான்கில் ஒரு பங்குதான், சிதைந்து கிடந்ததைச் சீர்செய்தவர் ஆங்கிலேய கவர்னர் நேப்பியர் என்றார். மேலமாசி வீதியில் ஒரு மாடியைக் காட்டி, 1921 செப்டம்பரில் காந்தி மேல்சட்டையைத் துறந்து அரையாடைக்கு மாறியது இங்கேதான் என்றார். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு காந்தி அருங்காட்சியகம். அது ராணி மங்கம்மாளின் தமுக்கம் அரண்மனை என்பதையும், 1959-ல் நேரு திறந்து வைத்தார் என்பதையும், சுடப்பட்டபோது காந்தி அணிந்திருந்த ரத்தக் கறை படிந்த துணி உள்ளே இருப்பதையும் சொன்னார்.

பொழுது சாயும் நேரத்தில் இரண்டாமாண்டு படிக்கும் ஒரு மாணவன் கேட்டான். "அண்ணே, நம்ம ஆளுங்க கோயிலுக்குள்ள நுழைஞ்சது பத்தி நீங்க எதுவும் சொல்லலையே?"

அவர் அவனை ஒருமுறை பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"1939-ல வைத்தியநாத அய்யர் கூட்டிட்டு வந்தாரு தம்பி. அதெல்லாம் யாரும் கேக்க மாட்டாங்க. கேட்டா சொல்லுவேன்."

"யாரைக் கூட்டிட்டு வந்தாரு?"

"ஹரிஜனங்களை."

"பேரு?"

"கக்கன் இருந்தாரு. மத்தவங்க பேரு தெரியலையே தம்பி."

அவரைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. தூணின் எண்ணிக்கை அவருக்குத் துல்லியமாகத் தெரிகிறது, மனிதர்களின் பெயர் தெரியவில்லை. அதற்குக் காரணம் அவர் ஒருவரல்ல. ஒரு நகரத்தின் கதையாக எதைச் சொல்வது, எதை விடுவது என்பது அவருக்கு வெகுகாலம் முன்பே முடிவாகிவிட்டது. எனவே அன்று அவர் சொல்லாமல் விட்ட பகுதியை இங்கே எழுதி வைக்கிறேன்.

1939 ஜூலை 8, காலை. தமிழ்நாடு ஹரிஜன சேவா சங்கத்தின் தலைவராக இருந்த வழக்கறிஞர் அ. வைத்தியநாத அய்யருடன் மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நுழைந்த தலித்துகள் ஐந்து பேர். பி. கக்கன், ஆலம்பட்டி முருகானந்தம், மதிச்சியம் சின்னையா, பூவலிங்கம், முத்து. அவர்களுடன் சண்முக நாடார். அன்று நாடார்களுக்கும் அந்தக் கோயிலில் அனுமதி கிடையாது. 1897-ல் கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நாடார்கள் நுழைந்ததற்காகத் தொடரப்பட்ட வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1908-ல் அவர்களுக்கு எதிராகத் தீர்ப்பானது. அந்தத் தீர்ப்பின் நிழல் 1939-லும் இருந்தது.

பூவலிங்கத்தின் பெயரைச் சிலர் பூர்ணலிங்கம் என்று எழுதுகிறார்கள். ஒரு வரலாற்று நிகழ்வின் மையத்தில் நின்ற மனிதரின் பெயரே ஒரே மாதிரி பதிவாகவில்லை. வைத்தியநாத அய்யரின் பெயரில் இந்தக் குழப்பம் எங்கும் கிடையாது.

கோயிலின் நிர்வாக அதிகாரி ஆர்.எஸ். நாயுடு அவர்களை வரவேற்றார். அர்ச்சகர்கள் ஏற்கவில்லை. கோயில் தீட்டுப்பட்டுவிட்டது, சுத்திகரிப்புச் செய்யாமல் பூசை கிடையாது என்று சன்னதியைப் பூட்டினார்கள். பூட்டு உடைக்கப்பட்டது, வேறு ஆட்களைக் கொண்டு பூசை நடந்தது. பழைய அர்ச்சகர்களில் பெரும்பாலோர் வெளியேறி நீதிமன்றத்துக்குப் போனார்கள். 1945-ல் தோற்ற பிறகுதான் திரும்பி வந்தார்கள். இடைப்பட்ட காலத்தில் சனாதனிகள், மீனாட்சி கோயிலை விட்டே போய்விட்டாள் என்று சொல்லி, தமிழ்ச் சங்கம் சாலையில் தனியாக ஒரு மீனாட்சி கோயிலே கட்டிக் கும்பிட்டார்கள். ஐந்து பேர் உள்ளே வந்ததற்காகத் தெய்வத்தையே வீடு மாற்றினார்கள்.

இந்த அளவுக்கு எதிர்ப்பு வந்தது ஏன் என்று புரிந்துகொள்ள மதுரையின் வரைபடத்தைப் பார்த்தால் போதும். நடுவில் கோயில். அதைச் சுற்றி சதுரம் சதுரமாக ஆடி வீதி, சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி, வெளி வீதி. வெளி வீதிகள் இருக்கும் இடத்தில்தான் பழைய கோட்டைச் சுவர் நின்றது. 1840-களில் கலெக்டர் பிளாக்பர்ன் அதை இடித்து நகரத்தை விரித்தார். சுற்றுலாக்காரர்கள் இந்த அமைப்பைத் தாமரை இதழ் என்று வியக்கிறார்கள். சமூகவியல் படித்த எனக்கு அது வேறு மாதிரியும் தெரிகிறது. கோயிலை மையமாக வைத்துக் கட்டிய ஊரில் ஒருவரது வீதி எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பது அவரது மரியாதையின் அளவும்கூட. மதிச்சியம் வைகைக்கு வடகரை. அங்கிருந்து ஆற்றுப் பாலத்தைக் கடந்து நடந்தால் சின்னையாவுக்குக் கோயில் எட்டிவிடும் தூரம்தான். அந்தத் தூரத்தைக் கடக்கத்தான் 1939 வரை ஆனது.

வைத்தியநாத அய்யரின் பங்கை நான் குறைத்துப் பேசவில்லை. அவர் சொந்தச் சாதியின் பகையைச் சம்பாதித்தவர். ஆனால் 'அய்யர் கூட்டிட்டு வந்தாரு' என்ற ஒற்றை வாக்கியத்தில் கதை முடிந்துவிட்டால், அதற்கு முந்தைய ஆண்டு நடந்தது மறைந்துபோகும்.

1938-ல் சென்னை மாகாண சட்டமன்றத்தில் எம்.சி. ராஜா ஆலய நுழைவு மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார். எம்.சி. ராஜா யார்? 1932-ல் தனித் தொகுதி விஷயத்தில் அம்பேத்கருக்கு எதிர்ப்பக்கம் நின்று, கூட்டுத் தொகுதியை ஆதரித்து, காந்தியையும் காங்கிரசையும் நம்பியவர். அப்படிப்பட்டவரின் மசோதாவையே முதல்வர் ராஜாஜி ஆதரிக்கவில்லை. திரும்பப் பெறச் சொன்னார். அவர் மறுத்தார். வாக்கெடுப்பில் மசோதா தோற்றது. மலபாருக்கு மட்டும் ஒரு சட்டம் வந்தது. ஒரு தலித் தலைவர் உரிமையாகக் கேட்டபோது காலம் கனியவில்லை என்றார்கள்.

அடுத்த ஆண்டே மதுரையில் நுழைவு நடந்துவிட்டது. அதை அனுமதித்த அதிகாரிகள் மீது வழக்கு பாயும் நிலை வந்ததும் அவசரச் சட்டம் பிறந்தது. அதுவே பின்பு 1939-ஆம் ஆண்டு ஆலய நுழைவு அனுமதி மற்றும் பாதுகாப்புச் சட்டம் ஆனது. பாதுகாப்பு என்ற சொல்லைக் கவனியுங்கள். அது அதிகாரிகளுக்கும் அறங்காவலர்களுக்குமான பாதுகாப்பு. கோயிலைத் திறக்க அறங்காவலர்கள் விரும்பினால், அரசின் ஒப்புதலோடு திறக்கலாம் என்றது சட்டம். உள்ளே போவது நம் உரிமை என்று அது சொல்லவில்லை. அழகர்கோயில், திருப்பரங்குன்றம், இன்று எங்கள் மாவட்டத்தில் இருக்கும் பழனி என்று கதவுகள் திறந்தன. ஆனால் உரிமை என்ற சொல் சட்டத்துக்குள் வர, ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் ஆட்சியில் 1947-ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பிறகு 1950-ல் அரசியலமைப்பின் 17-ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்தது.

காந்தி அருங்காட்சியகத்தில் நின்றபோது சொல்லப்பட வேண்டியதும் ஒன்று உண்டு. தீண்டப்படாதவர்களுக்குத் திறக்காத கோயிலுக்குள் தானும் போவதில்லை என்று விலகி நின்ற காந்தி, மீனாட்சி கோயிலுக்குள் வந்தது 1946 பிப்ரவரியில். ஆடை மாறியது கதையாகிறது, இது ஏனோ ஆகவில்லை. அம்பேத்கரோ 1933-லேயே வேறு கேள்வியை வைத்தார். கோயில் கதவு திறப்பதோடு வேலை முடிந்துவிடுமா, அல்லது வருணத்தையும் சாதியையுமே ஒழிக்கும் வேலையின் முதல் படியா? இரண்டாவதாக இல்லாவிட்டால் அதற்கு ஆதரவு தர முடியாது என்றார். கல்வி, வேலை, அதிகாரம் இவையே விடுதலைக்கு வழி என்றார்.

அவர் கேள்வி எவ்வளவு சரி என்பதை அறிய மதுரையிலிருந்து வடகிழக்கே மேலூர் பக்கம் போக வேண்டும். கக்கனின் ஊர் தும்பைப்பட்டி அந்தப் பக்கம்தான். அங்கே அவருக்கு மணிமண்டபம் இருக்கிறது. கோயிலுக்குள் நுழைந்த அந்த இளைஞர் பின்பு தமிழ்நாட்டின் உள்துறை அமைச்சரானார். அதே மேலூர் வட்டாரத்தில்தான் மேலவளவு. ஊராட்சித் தலைவர் பதவி பட்டியலினத்தவருக்கு ஒதுக்கப்பட்டதற்காக, தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் முருகேசனும் அவரோடு ஐந்து பேரும் 1997 ஜூன் 30 அன்று பஸ்ஸை மறித்து வெட்டிக் கொல்லப்பட்டார்கள். நாடு சுதந்திரத்தின் 50-ஆம் ஆண்டைக் கொண்டாடத் தயாராகிக்கொண்டிருந்த நேரம் அது. பாப்பாப்பட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் 1996-லிருந்து 10 ஆண்டுகள் ஊராட்சித் தேர்தலையே முறையாக நடத்தவிடவில்லை. உத்தப்புரத்தில் 1989-ல் எழுப்பிய சுவரின் ஒரு பகுதி 2008 மே 6 அன்றுதான் இடிக்கப்பட்டது. எல்லாமே மதுரை மாவட்டம். எந்தச் சுற்றுலாப் பட்டியலிலும் இவை இல்லை.

கோயிலுக்குள்ளேயும் பயணம் முடியவில்லை. அனைத்துச் சாதியினரும் அர்ச்சகராகலாம் என்ற சட்டம் வந்தது 1970-ல். முறையாகப் பயிற்சி முடித்தவர்களில் பட்டியலினத்தவர் உட்படப் பலருக்குப் பணி ஆணை கிடைத்தது 2021 ஆகஸ்ட் 14 அன்று. இடையில் 51 ஆண்டுகள்.

திரும்பும் வழியில் வாடிப்பட்டி தாண்டியதும், அதுவரை பேசாமல் இருந்த ஒரு மாணவி சொன்னாள். அவளுடைய பாட்டிக்கு ஊர் நிலக்கோட்டைப் பக்கம். சித்திரைத் திருவிழாவுக்கு வருசம் தவறாமல் மதுரைக்குப் போய், ஆற்றில் அழகரைப் பார்த்துவிட்டு, கோபுரத்தை வெளியில் நின்று கும்பிட்டுத் திரும்பிவிடுவாராம். ஒருமுறைகூட உள்ளே போனதில்லையாம்.

"ஏன் பாட்டின்னு கேட்டேங்க்கா. 'உள்ள போலாம்னு எங்களுக்கு யாரு சொன்னா'ன்னு கேட்டுச்சு."

வேனில் யாரும் பேசவில்லை. அந்தப் பாட்டி பிறப்பதற்கு முன்பே கதவு திறந்துவிட்டது. சட்டம் வந்தது, இன்னொரு சட்டம் வந்தது, அரசியலமைப்பே வந்தது. அவருக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. வழிகாட்டி சொல்லாமல் விடும் வரலாறு வெறும் தகவல் குறைபாடு இல்லை, தோழர்களே. சொல்லப்படாத உரிமை பூட்டிய கதவுக்குச் சமம். பாட்டி கும்பிடப் போகிறாரா இல்லையா என்பது அவர் இஷ்டம். எனக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. ஆனால் போகலாம் என்று தெரிந்து போகாமல் இருப்பது வேறு, போகக்கூடாது என்று நினைத்து வெளியே நிற்பது வேறு.

எங்கள் ஊர் மட்டும் என்ன யோக்கியம்? திண்டுக்கல்லுக்கு யாராவது வந்தால் மலைக்கோட்டையைக் காட்டுவோம், ஹைதர் அலி, திப்பு பெயரைச் சொல்வோம், பூட்டு வாங்கித் தருவோம், பிரியாணி சாப்பிட வைப்போம். தோல் ஷாப்புகளில் சுண்ணாம்புத் தொட்டிக்குள் நின்று கால் வெந்தவர்களின் கதையைச் சொல்வதில்லை. அந்தத் தொழிலாளர்களின் வாழ்க்கையை வைத்து டி. செல்வராஜ் எழுதிய 'தோல்' நாவலுக்கு 2012-ல் சாகித்திய அகாதமி விருது கிடைத்தது. திண்டுக்கல் கல்லூரிகளில் படிக்கும் எத்தனை பேருக்கு அந்தப் பெயர் தெரியும்?

அதனால் ஒரு யோசனை. அடுத்த ஜூலை 8 அன்று நாமே ஒரு நாள் பயணம் போவோம். காலையில் மதிச்சியத்தில் தொடங்கி, பாலத்தைக் கடந்து, கோயில் வரை நடை. பிறகு காந்தி அருங்காட்சியகம். மதியத்துக்கு மேல் தும்பைப்பட்டி. கடைசியாக மேலவளவு விடுதலைக் களம். பொழுது சாய்வதற்குள் முடித்துவிடலாம். வழிகாட்டி நம்மில் ஒருவர். இந்தப் பதிவில் உள்ள ஐந்து பெயரையும் மனப்பாடமாகச் சொல்லத் தெரிந்தவர்தான் வழிகாட்டி.

நிலக்கோட்டைப் பாட்டியை அழைத்து வருகிறேன் என்று அந்த மாணவி இப்போதே சொல்லிவிட்டாள். வேனில் முன் இருக்கை அவருக்கு.

ஜெய்பீம்.